ராகு காலத்தில் விழுந்த பிடி

அந்த மஞ்சள் மாத்திரை முதன்முதலாக வேலை செய்யத் தொடங்கும் நேரத்தில் ஒரு மனிதன் எதைச் செய்துகொண்டிருக்கிறானோ, அதை அவனால் பிறகு விட முடியாது. மாத்திரையைக் கண்டுபிடித்தவர்கள் இதைப் பக்கவிளைவு என்று எழுதிவைத்தார்கள். நாமக்கல்லில் ஆளில்லா லாரிகளை ஓட்டும் நிறுவனம் அதையே ஒரு வசதியாக எடுத்துக்கொண்டது.

லாரிகளில் ஓட்டுநர் இருக்கை என்ற ஒன்று இல்லாமல் போய்ச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. புறவழிச்சாலை ஓரம் ஒரு பெரிய குளிர்பதன அரங்கு. அதற்குள் வரிசையாகத் திரைகள், திரைக்கு முன்னால் ஸ்டீயரிங், அதைப் பிடித்தபடி ஆட்கள். முட்டை ஏற்றிய லாரி ஒன்று நாக்பூரைத் தாண்டிக்கொண்டிருக்கும். ஓட்டுகிறவர் நாமக்கல்லில் மோர் குடித்துக்கொண்டிருப்பார். ஷிப்ட் முடியும்வரை கண் அசரக்கூடாது, கவனம் சிதறக்கூடாது. அதற்காகத்தான் அந்த மாத்திரை.

புதிதாகச் சேருகிறவருக்கு முதல் மாத்திரையைக் கொடுத்து, உடனே திரைக்கு முன்னால் உட்காரவைப்பார்கள். இடப்பக்கக் கண்ணாடியைப் பார், சாலையைப் பார், மறுபடி இடப்பக்கக் கண்ணாடியைப் பார் என்று பயிற்சி நடக்கும். மருந்து உள்ளே பிடிக்கும்போது அந்தப் பழக்கமும் சேர்ந்து பிடித்துக்கொள்ளும். அரங்கில் இதற்குப் ‘பிடி’ என்று பெயர். பிடி விழுந்தவர் இடப்பக்கம் பார்க்காமல் இருக்கவே முடியாது. விபத்துகள் பெருமளவு குறைந்தன. கல்யாணப் பந்தியில் இடப்பக்கம் திரும்பித் திரும்பிப் பார்க்கிறவனைக் கண்டால் “மாப்பிள்ளை லாரி ஆபீஸா?” என்று கேட்டு ஊர் சிரிக்கப் பழகிக்கொண்டது. அவர்களுடைய மனைவிமார் அவ்வளவாகச் சிரிக்கவில்லை.

நவநீதன் சேர்ந்த வெள்ளிக்கிழமை மட்டும் ஏற்பாடு தவறிப்போனது.

அரங்கின் மருத்துவர் டாக்டர் ஹசீனா அன்று சேலம் போயிருந்தார். பொறுப்பு முழுவதும் மேலாளர் செங்கோட்டுவேலிடம் இருந்தது. மூன்று தலைமுறையாக லாரி வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர் அவர். பூசணிக்காய் உடைக்காமல், எலுமிச்சம்பழம் நசுங்காமல் ஒரு சக்கரமும் நகரக்கூடாது என்பது அவர் கொள்கை. சக்கரங்கள் இருந்ததோ எங்கோ வடக்கே. எனவே ஸ்டீயரிங்குகளுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். ஒவ்வொரு நாற்காலிக் காலுக்கும் கீழே ஒரு எலுமிச்சம்பழம். குடும்பத்தோடு வரச் சொல்லி அழைப்பும் போயிருந்தது.

“மருந்துங்கறது நல்ல நேரத்துல உள்ள போகோணும்” என்று சொல்லி, புதிய ஆட்கள் எல்லோருக்கும் மாத்திரையைத் தம் கையாலேயே கொடுத்தார். பூஜை கொஞ்சம் நீண்டுவிட்டது. கற்பூரம் காட்டி முடித்துக் கடிகாரத்தைப் பார்த்தால் பத்தரை. ராகு காலம் பிறந்துவிட்டது.

“யாரும் ஸ்டீயரிங்குல கை வெச்சுப்போடாதீங்க! பன்னெண்டு அடிக்கட்டும். எல்லாரும் போயி வெளிய உக்காருங்க.”

பயிற்சியாளர் ஏதோ சொல்ல வந்தான். செங்கோட்டுவேல் அவனைப் பார்த்த பார்வையில் அவன் பூசணிக்காய்த் துண்டுகளைப் பெருக்கப் போய்விட்டான்.

மருந்து காத்திருக்கவில்லை. வேப்ப மரத்தடியில் ஒருவன் பூஜைக்கு வந்த நிலக்கடலையை உரித்துக்கொண்டிருந்தான். ஒருத்தி துப்பட்டா ஓரத்து நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நவநீதன் தன் மனைவி இந்துஜாவோடு சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

இருவரும் அப்போது ஒன்றாக வாழவில்லை. அவள் பரமத்தியில் அம்மா வீட்டுக்குப் போய்ச் சில மாதங்கள் ஆகியிருந்தன. அடிக்கிறவனில்லை, குடிக்கிறவனில்லை. அவள் என்ன சொன்னாலும் “ம்” என்பான். பிறகு கேட்டால் ஒரு வார்த்தை நினைவிருக்காது. அவள் காய்ச்சல் என்று சொன்னதற்கும் ஒருநாள் “ம், சரி, வாங்கிட்டு வந்திரு” என்றான். அதற்கப்புறம்தான் பெட்டியை எடுத்தாள். பூஜைக்குப் பெண்டாட்டி வரவில்லையென்றால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று மாமியார் கெஞ்சியதால் மட்டும் வந்திருந்தாள்.

சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல், ஏன் போனேன் என்று சொல்ல ஆரம்பித்தாள். நவநீதன் முதலில் “ம்” என்றான். சிறிது நேரத்தில் அவள் பக்கம் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தான். கண்கள் அகன்று அவள் முகத்திலேயே நின்றன.

“அப்பறம்?” என்றான்.

அவள் நிறுத்தினாள். கல்யாணம் ஆனதிலிருந்து அந்த வார்த்தையை அவன் வாயிலிருந்து அவள் கேட்டதில்லை.

“அப்பறம் என்ன ஆச்சு? சொல்லு, இந்து.”

பன்னிரண்டு அடிக்கும்வரை அவள் பேசினாள், அவன் கேட்டான். அடுத்த வாரம் அவள் பெட்டியோடு திரும்பி வந்தாள்.

முதல் ஆண்டு அவர்களுக்குப் புதுக் கல்யாணம்போல இருந்தது. கோழித் தீவனத்தில் பூஞ்சை இருக்கிறதா என்று சோதிக்கும் ஆய்வகத்தில் இந்துஜாவுக்கு வேலை. மாலையில் செருப்பைக் கழற்றுவதற்குள் அவன் காபியோடு எதிரில் வந்து உட்காருவான். பஸ்ஸில் யார் யாரோடு சண்டை போட்டார்கள், முதலாளி எதற்குக் கத்தினார், கூட வேலை பார்ப்பவள் மகளுக்கு எந்தப் பள்ளியில் இடம் கிடைத்தது, எல்லாவற்றையும் கேட்டான். போன மாதம் சொன்னதை இந்த மாதம் நினைவு வைத்துக்கொண்டு தொடர்ச்சி கேட்டான்.

“உனக்கென்னடி! எங்கூட்டுக்காரரு டீவியப் பாத்துட்டே எங்கிட்டப் பேசறாரு” என்றாள் அக்கா.

இது மாத்திரையின் வேலையோ என்று இந்துஜாவுக்குச் சந்தேகம் வராமலில்லை. வந்ததை அவள் உட்காரச் சொல்லவில்லை. ஊருக்குத் தெரிந்த பிடி இடப்பக்கக் கண்ணாடி ஒன்றுதான். வெள்ளிக்கிழமைக் குளறுபடியை நிறுவனம் வெளியே விடவில்லை. தான் மனம்விட்டுப் பேசியதால் அவன் திருந்தினான் என்று நம்புவது அவளுக்கு இனிப்பாக இருந்தது.

இரண்டாம் ஆண்டில் சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. தீவன ஆய்வகத்தில் எத்தனை சம்பவம்தான் நடக்கும்? அவள் பேச்சை நிறுத்தினால் அவன் கட்டை விரலை ஆட்காட்டி விரலோடு தேய்க்கத் தொடங்குவான். இன்னும் கொஞ்சம் போனால் நெற்றி வியர்க்கும். “அவ்வளவுதான் மாமா, முடிஞ்சுது” என்றால், “அதெப்படி முடியும்? அதுக்கு அந்தம்மா என்ன சொன்னாங்க?” என்பான். தலைவலியோடு படுத்திருக்கும்போதும் கேட்டான். பல் துலக்கும்போது குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டான். பேசாமல் ஒரு வாய் சோறு தின்ன வேண்டும் என்று அவளுக்கு ஏக்கமாக இருந்தது. அதை யாரிடம் சொல்வது? புருஷன் நான் பேசுவதைக் கேட்கிறான் என்று எந்தப் பெண் புகார் கொடுப்பாள்?

அப்போதுதான் வைஜயந்தி பிறந்தாள்.

ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் என்று இந்துஜா சொல்லிவைத்தாள். அப்படி ஒருத்தி இல்லை. இல்லாதவளுக்கு ஒரு காதல் கல்யாணம், பிடிவாதக்கார அப்பா, பாகப்பிரிவினையில் ஏமாற்றும் அண்ணன், கோர்ட்டில் ஒரு வீட்டு வழக்கு என்று நாளுக்கொன்றாகச் சேர்ந்தன. நவநீதன் அந்த அண்ணனைத் திட்டினான். வைஜயந்திக்கு ஒரு நல்ல வக்கீலைக்கூட விசாரித்து வைத்தான்.

மூன்றாம் ஆண்டில் ஒரு காலை. வைஜயந்தியின் வழக்கில் தீர்ப்பு. நீதிபதி காகிதத்தைக் கையில் எடுத்துவிட்டார் என்பது வரை இந்துஜா சொல்லிவிட்டாள். மேற்கொண்டு யோசித்திருக்கவில்லை. வாசலில் அவனுடைய ஷிப்ட் வண்டி ஹாரன் அடித்தது.

“மீதி சாயங்காலம்.”

“தீர்ப்ப மட்டும் சொல்லிப்போடு!”

“வண்டி போயிரும், கெளம்புங்க மாமா.”

அரங்கில் போன் வைத்திருக்கக் கூடாது. நவநீதன் தொடைக்கு அடியில் வைத்திருந்தான். அவனுடைய லாரி தொப்பூர் கணவாயில் இறங்கிக்கொண்டிருந்தபோது அவளை அழைத்தான். அவள் எடுக்கவில்லை. மறுபடி அழைத்தான். இடப்பக்கக் கண்ணாடியில், பழுதாகித் தள்ளாடிய ஒரு ஸ்கூட்டர் தெரிந்தது. அரங்கில் வேறு யாராக இருந்தாலும் பார்த்திருப்பார்கள். அவர்களால் பார்க்காமல் இருக்க முடியாது.

ஸ்கூட்டரில் வந்தவர் பவுனம்மாள் என்ற அங்கன்வாடி ஊழியர். உயிர் பிழைத்தார். இடுப்பெலும்பு உடைந்துவிட்டது.

மறுநாள் டாக்டர் ஹசீனா இந்துஜாவை அரங்குக்கு வரச் சொன்னார்.

“உங்க வீட்டுக்காரர் இத்தனை நாளா உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலியாம்மா?”

“என்ன சொல்லோணுங்க?”

டாக்டர் அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றிச் சொன்னார். இந்துஜா கைப்பையின் பட்டையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அந்தக் கூட்டத்துல சேர்ந்த எல்லாரையும் முதல் மாசமே கூப்பிட்டுப் பிடியைக் கழற்றிட்டேன். ஒரு ஊசிதான். அப்புறம் முறையா இடப்பக்கக் கண்ணாடியைப் பழக்கினோம். கடலை உரிச்சவர் மூட்டை மூட்டையா வாங்கி உரிச்சு, நகமே போயிருந்துது. உங்க வீட்டுக்காரரையும் கூப்பிட்டேன். வேண்டாம்னுட்டார்.”

“வேண்டாம்னாரா?”

“‘வீட்ல கொஞ்சம் வேலை பாக்கி இருக்குங்க டாக்டர், அது முடியட்டும்’னார். ஒவ்வொரு தடவை கூப்பிடறப்பவும் அதே பதில். வண்டி நல்லாத்தான் ஓட்டிட்டு இருந்தார், நானும் விட்டுட்டேன். விட்டிருக்கக் கூடாது.”

இந்துஜா கேட்டாள்.

“அப்ப, கேட்டுட்டு இருந்தது மாத்திரை. ஊசி வேண்டாம்னு சொன்னது அவரு. அப்படித்தானுங்களே?”

அந்தக் கேள்விக்கு ஆமாம் என்ற பதிலை அவள் எவ்வளவு எதிர்பார்க்கிறாள் என்பது டாக்டருக்குத் தெரிந்தது.

“அதைப் பிரிச்சுச் சொல்ற கருவி எங்ககிட்ட இல்லம்மா. பிடியை விடமாட்டேன்னு சொல்றதும் பிடியோட வேலையா இருக்கலாம். கடலை உரிச்சவரும் முதல்ல மாட்டேன்னுதான் அடம் பிடிச்சார்.”

“ஊசி போட்டா?”

“கொஞ்ச நாளைக்கு அந்த விஷயத்துமேல ஒரு வெறுப்புகூட வரும். கடலைக்காரருக்கு இப்ப கடலை வாசமே ஆகாது. உங்க விஷயத்துல எப்படின்னு எனக்குச் சொல்லத் தெரியல. ஆனா ஊசி போடலைன்னா வேலை போயிடும். வேலை போனாலும் பிடி போகாது. அவர் ரோட்டுல நடந்து போறப்பவும் இப்படித்தான் இருப்பார். அவரா சம்மதிக்காம நான் போட முடியாது. நீங்க சொன்னாக் கேட்பார்.”

இதைச் சொல்லிவிட்டு டாக்டரே சங்கடத்தோடு மேசையைப் பார்த்தார்.

இந்துஜா வீடு திரும்பியபோது நவநீதன் சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். சவரம் செய்திருக்கவில்லை. விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

“இந்து, அந்தத் தீர்ப்பு என்னாச்சு?”

அவளுக்குக் கோபம் வந்தது. “ஏனுங்க மாமா, ஒரு பொம்பள இடுப்பு ஒடஞ்சு கெடக்கறாங்க. நீங்க தீர்ப்பக் கேக்கறீங்க?”

“தெரியுது. அத நெனைக்கோணும்னுதான் பாக்கறேன். நெனப்பு அங்க போகமாட்டேங்குது. ஜட்ஜு பேப்பர எடுத்தாரு, அங்கயே நிக்குது. வைஜயந்தி என்ன ஆனா?”

“வைஜயந்தின்னு ஒருத்தியே இல்ல.”

அவன் பார்த்தான்.

“நானாக் கட்டி விட்டது. அப்பன், அண்ணன், கேசு எல்லாமே பொய்யி. உங்களுக்குச் சொல்றதுக்கு எங்கிட்ட ஒண்ணுமே இல்லாமப் போச்சு, அதனால சொன்னேன்.”

“வக்கீல் நெம்பர் வாங்கிக் குடுத்தனே?”

“அதக் கிழிச்சுப் போட்டுட்டேன்.”

அவன் முகத்தில் ஏதோ ஒன்று கலைந்து மறுபடி கூடியது. அவமானப்பட்டவனைப்போலத் தலை குனிந்தான். குனிந்தபடியே மெதுவாகக் கேட்டான்.

“செரி. பொய்யாவே இருக்கட்டும். ஜட்ஜு என்ன சொன்னாரு?”

பொய் என்று தெரிந்தபிறகும் அவன் நெற்றியில் வியர்வை இறங்கிக்கொண்டிருந்தது. அவள் அவன் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

“வீடு வைஜயந்திக்குத்தான்னு சொல்லிட்டாரு.”

“அண்ணங்காரன்?”

“கோர்ட்டு வாசல்லயே தலையக் கவுத்துட்டு நின்னான். இவ போயி, வாண்ணா, காபி குடிச்சுட்டுப் போலாம்னு கூப்பிட்டா. ரெண்டு பேரும் போனாங்க. கத முடிஞ்சுது மாமா. இனி அவ வரமாட்டா.”

நவநீதனின் விரல்கள் நின்றன. நீளமாக ஒரு மூச்சு விட்டான். அதன் பிறகுதான், தடுத்து வைத்திருந்த தண்ணீர் திறந்ததுபோல, அவனுக்கு அழுகை வந்தது. “அந்தம்மா விழுந்தத நான் பாக்கவே இல்ல இந்து. வண்டி குலுங்குனதுக்கப்பறம்தான் பாத்தேன்” என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

அவன் அடங்கும்வரை அவள் காத்திருந்தாள்.

“ஊசி போட்டுக்குங்க மாமா.”

“டாக்டரம்மா சொல்லிட்டாங்களா?”

“சொன்னாங்க.”

“போட்டா நான் பழையபடி ஆயிருவேன். நீ பரமத்திக்குப் போயிருவே.”

“போனாப் போறேன். அத அப்பப் பாத்துக்கலாம்.” அவள் அவன் காலில் கையை வைத்தாள். “எனக்கு வாய் வலிக்குதுங்க மாமா. நெசமாலுமே வலிக்குது.”

நவநீதன் அவளை வியப்போடு பார்த்தான். இத்தனை நாளில் அவள் வாய் வலிக்கும் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை.

அந்த வாரமே ஊசி போட்டார்கள். விசாரணை முடியும்வரை ஸ்டீயரிங்கும் மாத்திரையும் இல்லை என்றார்கள்.

வீடு அமைதியானது. முதல் சில நாள் இந்துஜாவுக்கு அது விடுமுறை. பேசாமல் சாப்பிட்டாள், பேசாமல் துணி மடித்தாள், படுத்தவுடன் தூங்கினாள். அதன் பிறகு ஒருநாள் ஆய்வகத்தில் நடந்த ஒரு வேடிக்கையை, நிஜமாகவே நடந்ததை, சொல்லிப் பார்த்தாள். நவநீதன் போனைப் பார்த்துக்கொண்டு “ம்” என்றான். இன்னொருநாள் அவள் பேசத் தொடங்கியதும் அவன் முகம் சுளித்தது; கசப்பு மருந்தைக் கண்ட குழந்தையின் முகம். அவனுக்கே அது தெரிந்து, எழுந்து பால்கனிக்குப் போய்விட்டான்.

டாக்டர் முன்கூட்டியே சொன்னதுதான் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். வாரங்கள் போனபின் அந்தத் தேறுதல் வேலை செய்யவில்லை. சுளிப்பு மறைந்துவிட்டது, ஆனால் “ம்” மட்டும் தங்கிவிட்டது. இது ஊசியின் மிச்சமா, நவநீதனா என்று அவள் யாரிடம் போய்க் கேட்பது? அம்மாவிடம் போனில் பேசும்போது, மாடி அறை காலியாக இருக்கிறதா என்று விசாரித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவனிடம் சொல்லாமலே, பவுனம்மாளைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டாள். யார் என்று சொல்லிவிட்டுக் கட்டில் ஓரம் நின்றாள். அந்த அம்மாள் உட்காரச் சொன்னார்.

பொழுது சாயத் திரும்பியபோது நவநீதன் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான்.

“எங்க போயிருந்தே?”

“தருமபுரிக்கு. பவுனம்மாளப் பாக்க.”

அவன் திரும்பாமல் அடுத்த தட்டை எடுத்தான். அவள் கதவருகே ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து சொன்னாள். இடுப்பில் தகடு வைத்திருக்கிறார்களாம். வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஜன்னல்வரை நடக்கிறாராம். அங்கன்வாடிக் குழந்தைகளை அவரைப் பார்க்க அழைத்து வந்தார்களாம், சின்னப் பிள்ளைகளை உள்ளே விடவில்லையாம். இவர் ஜன்னலில் நின்று கை காட்டினாராம். கீழே இருந்த பிள்ளைகளுக்கு எந்த ஜன்னல் என்று தெரியாமல் வேறு ஏதோ ஜன்னலுக்குக் கை காட்டினார்களாம்.

நவநீதன் குழாயைப் பெரிதாகத் திறந்தான். கிண்ணத்தில் தண்ணீர் அடிக்கும் சத்தம் சமையலறையை நிரப்பியது.

இந்துஜா நிறுத்திக்கொண்டாள். மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது என்று அம்மா சொல்லியிருந்தாள். ஸ்டூலை விட்டு எழுந்தாள்.

குழாய் நின்றது.

“ஏன் நிறுத்திட்டே?”

“உங்களுக்குக் கேக்கப் புடிக்கலியாட்ட இருக்குது.”

“புடிக்கலதான்.”

அவன் ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வந்தான். மேடையோரம் சாய்ந்து நின்றான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரில் ஏதோ ஒரு இடத்தைப் பார்த்தான். ஒரு கால் வாசல் பக்கமாகவே திரும்பியிருந்தது.

“எந்திரிச்சு எங்கியாவது போயிரலாம்னுதான் இருக்குது. அந்தம்மா பேரு காதுல விழுந்தாலே வண்டி குலுங்குனதுதான் நெனப்புக்கு வருது” என்றான். “நீ சொல்லு.”

அவள் மறுபடி உட்கார்ந்தாள். ஓட்டினவர் எப்படி இருக்கிறார் என்று பவுனம்மாள் கேட்டதைச் சொன்னாள். தான் அதற்கு என்ன பதில் சொன்னாள் என்பதையும், பதில் சொல்லத் தெரியாமல் எவ்வளவு நேரம் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள் என்பதையும் சொன்னாள்.

அவன் நன்றாகக் கேட்டான் என்று சொல்ல முடியாது. நடுவில் இரண்டு முறை அவன் கண் எங்கோ போயிற்று. இரண்டு முறையும் அவனே திரும்பி வந்து, “விட்டுட்டேன். அந்த எடத்துலருந்து மறுக்காச் சொல்லு” என்றான்.

அவள் மறுபடியும் சொன்னாள்.